பொக்கேத்தே காப்பி

பொக்கேத்தே காப்பி என்பது நடு அமெரிக்க நாடான பனாமாவின் மேற்குப் பகுதியில், சிரிக்கி மாகாணத்தைச் சேர்ந்த பொக்கேத்தே மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் விளையும் அராபிக்கா இனக் காப்பி ஆகும். பரூ எரிமலையின் கிழக்குச் சரிவிலும் அதற்கு எதிரேயுள்ள மலைகளிலும், முகில்காடுகளை ஒட்டிய தோட்டங்களில் இது பயிரிடப்படுகிறது. பனாமாவின் மொத்தக் காப்பி விளைச்சல் உலக விளைச்சலில் ஒரு விழுக்காட்டின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் 2004 ஆம் ஆண்டுக்குப் பின்னர், ஏலங்களில் உலகிலேயே மிக உயர்ந்த விலை பெறும் காப்பிகளுள் ஒன்றாக இது அறியப்படுகிறது. இதற்குப் பெரிதும் காரணமானது கெய்ஷா என்னும் காப்பி வகையாகும். இவ்வகை, பொக்கேத்தேக்கு வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எவராலும் பொருட்படுத்தப்படாமல் மற்ற காப்பி மரங்களுக்கிடையே கலந்து நின்றிருந்தது.

புவியியலும் தட்பவெப்பமும்

பொக்கேத்தே என்னும் எசுப்பானியச் சொல்லுக்கு இடைவெளி அல்லது திறப்பு என்பது பொருள். இப்பெயருடைய சிறுநகரம் கால்டெரா ஆற்றின் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நகருக்கு மேற்கே 3,474 மீட்டர் உயரமுள்ள பரூ எரிமலை நிற்கிறது. இதுவே பனாமாவின் மிக உயர்ந்த சிகரம். வானம் தெளிவாக உள்ள விடியற்காலைகளில் இதன் உச்சியிலிருந்து பசிபிக் பெருங்கடல், கரிபியக் கடல் ஆகிய இரண்டையும் காணலாம். எரிமலைச் சாம்பலால் உருவான, நீர் எளிதில் வடியும் மண் காப்பிக்கு ஏற்றது. எரிமலையைச் சூழ்ந்த பகுதி 1976 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வடக்கே கோஸ்ட்டா ரிக்காவுடன் பகிர்ந்துகொள்ளப்படும் லா அமிஸ்தாத் பன்னாட்டுப் பூங்கா பரந்து கிடக்கிறது. இதன் பனாமாப் பகுதி 1990 இல் உலகப் பாரம்பரியக் களத்தில் சேர்க்கப்பட்டது.

இப்பகுதியின் தட்பவெப்பத்தில் தனித்தன்மை வாய்ந்தது பாகரேக்கே எனப்படும் மென்தூறல் ஆகும். பனாமாவின் பசிபிக் பக்கத்தில் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரை வறட்சிக் காலம். ஆனால் அதே மாதங்களில் கரிபியக் கடலிலிருந்து வலுவாக வீசும் வணிகக் காற்று, ஈரப்பதத்தை நடு மலைத்தொடரின் மேல் ஏற்றி மறுபக்கம் தள்ளுகிறது. மலையைத் தாண்டிய முகில் கலையும்போது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பனித்துகள் போன்ற தூறல் விழுகிறது. குடை பிடிக்கும் அளவுக்கு மழையில்லை என்று நடப்பவர் சிறிது நேரத்தில் நனைந்துவிடுவார். பள்ளத்தாக்கில் வானவில் அடிக்கடி தோன்றுவதும் இதனாலேயே.

இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி முகில் தவழும் வெப்பமண்டல மலைக்காடுகளே முகில்காடுகள் எனப்படுகின்றன. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளை அறிந்தவர்களுக்கு இக்காட்டின் தோற்றம் அந்நியமாக இராது. கிளைகளைப் போர்த்திய பாசியும், தொற்றிப் படரும் ஆர்க்கிட்டுகளும் பன்னங்களும், உயரத்தில் ஓக் மரங்களும் இங்கு உண்டு. இலைகளிலும் பாசியிலும் படியும் முகில் நீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குவதால், மழை பெய்யாத மாதங்களிலும் ஓடைகள் வற்றுவதில்லை. கீழேயுள்ள காப்பித் தோட்டங்கள் பழங்களைக் கழுவுவதற்குப் பயன்படுத்தும் நீர் இவ்வோடைகளிலிருந்து வருவதே. காட்டு வெண்ணெய்ப்பழ இனங்களின் கனிகளை உண்டு வாழும் கெத்சால் பறவையும் இங்கு காணப்படுகிறது. பொக்கேத்தேயையும் எரிமலையின் மறுபக்கமுள்ள செர்ரோ புந்தாவையும் இணைக்கும் காட்டுப்பாதை இப்பறவையின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

காப்பிக்கு இத்தட்பவெப்பம் நன்மையும் தீமையும் ஒருங்கே செய்கிறது. குளிர்ந்த காற்றும் முகில் மூட்டமும் பழம் முதிர்வதைத் தாமதப்படுத்துகின்றன. கீழ்ச் சரிவில் முதிர்வதைவிடப் பல வாரங்கள் கூடுதலாக மரத்தில் நிற்கும் பழத்தில் கொட்டை இறுகி அடர்த்தியாக அமைகிறது. புளிப்பும் இனிப்பும் மணமும் செறிகின்றன. அதே ஈரம், கோழிக்கண் என்று பொருள்படும் ஓஹோ தே கயோ என்ற பூஞ்சை நோய்க்கும் இடமளிக்கிறது. இலைகளில் வட்டவட்டமான புள்ளிகளை உண்டாக்கி உதிரச் செய்யும் இந்நோய், குளிர்ந்த ஈரமான உயரங்களிலேயே மிகுதி. பறித்த பழங்களைக் களத்தில் உலர்த்துவதும் இங்கு கடினமாகும். சனவரி, பிப்ரவரி மாதங்களின் கடுங்காற்று கிளைகளை முறிப்பதால் தோட்டங்களில் காற்றுத்தடுப்பு மரங்கள் வரிசையாக நடப்படுகின்றன.

காப்பிப் பயிரின் வரலாறு

பொக்கேத்தேயில் காப்பி, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து குடியேறிய குடும்பங்களால் பரவலாகப் பயிரிடப்பட்டது. அவர்களுள் பனாமாவின் பிற பகுதியினரும், ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்களும் இருந்தனர். மாவட்டம் 1911 இல் அமைக்கப்பட்டது. 1916 இல் திறக்கப்பட்ட சிரிக்கி தொடர்வண்டிப் பாதை பொக்கேத்தேயை மாகாணத் தலைநகரான தாவித்துடன் இணைத்தது. பின்னர் அப்பாதை கைவிடப்பட்டது. திப்பிக்கா, பூர்போன், கத்தூரா, கத்துவாய் ஆகிய வகைகளே நெடுங்காலம் இங்கு விளைந்தன. விளைச்சல் மற்ற நாட்டுக் காப்பியுடன் சேர்ந்து பொதுச் சந்தை விலைக்கே விற்கப்பட்டது.

நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு ஒதுக்கி விலையைக் காத்துவந்த பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கை 1989 இல் செயலிழந்தது. பிரேசிலும் வியட்நாமும் விளைச்சலைப் பெருக்கியதைத் தொடர்ந்து, 2001-2002 ஆம் ஆண்டுகளில் காப்பி விலை ஒரு பவுண்டு 50 அமெரிக்கச் சதத்திற்கும் கீழே வீழ்ந்தது (ஒரு பவுண்டு ஏறத்தாழ 454 கிராம்). செங்குத்தான சரிவில், கையால் மட்டுமே பறிக்கக்கூடிய பொக்கேத்தே காப்பிக்கு இவ்விலை பறிப்புக் கூலிக்கே போதாது. அளவில் போட்டியிட இயலாதவர்கள் தரத்தில் போட்டியிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பனாமாவின் சிறப்புக் காப்பிச் சங்கமும் அது நடத்தும் சிறந்த பனாமாக் காப்பிக்கான போட்டியும் இந்நெருக்கடியினூடே வளர்ந்தவையாகும்.

சிறப்புக் காப்பி என்ற சொல்லாட்சியை 1974 இல் ஐக்கிய அமெரிக்காவின் காப்பி வணிகரான எர்னா நட்சன் அறிமுகப்படுத்தினார். தனிப்பட்ட நுண்தட்பவெப்பத்தில் விளைந்து தனிச்சுவை உடைய காப்பி என்ற பொருளில் அவர் இதனைக் கையாண்டார். பின்னர், பயிற்சி பெற்றோர் செய்யும் சுவைச்சோதனையில் 100க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெறும் காப்பி என்ற வரையறை வழக்கத்திற்கு வந்தது.

கெய்ஷா வகை

கெய்ஷா என்ற பெயருக்கும் யப்பானியக் கலைமகளிரான கெய்ஷாக்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எத்தியோப்பியாவின் தென்மேற்கிலுள்ள கெஷா என்ற பகுதியின் பெயரே எழுத்துப்பெயர்ப்பில் இவ்வாறு திரிந்தது. 1930களில் அப்பகுதிக் காடுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட விதைகள் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆய்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. தான்சானியாவின் லியாமுங்கு நிலையத்திலிருந்து 1953 இல் இவ்விதைகள் கோஸ்ட்டா ரிக்காவின் துரியால்பா நகரிலுள்ள வேளாண் ஆய்வு மையத்தை அடைந்தன. அங்கு டி 2722 என்ற எண்ணில் பதிவு செய்யப்பட்டன.

இவ்விதைகள் அமெரிக்கக் கண்டத்திற்கு வந்தது சுவைக்காக அன்று. இலைத்துரு நோயைத் தாங்கும் திறன் கருதியே வந்தன. இந்நோயின் கொடுமையை முதலில் பெரிய அளவில் கண்டது இலங்கை. 1869 இல் அங்கு கண்டறியப்பட்ட இலைத்துரு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் செழித்திருந்த காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. அமெரிக்கக் கண்டத்தில் நோய் பெருமளவில் பரவத் தொடங்கியது 1970 இல் பிரேசிலில் காணப்பட்ட பின்னரே. அதற்கு முன்பே, எச்சரிக்கையாக, நோய் தாங்கும் வகைகளைத் திரட்டும் பணி நடைபெற்றது. பனாமாவில் 1960களில் கெய்ஷா வழங்கப்பட்டது. பொக்கேத்தேயைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ செர்ராசின் 1963 இல் இதனைக் கோஸ்ட்டா ரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது.

தோட்டக்காரர்கள் இதனை விரும்பவில்லை. மரம் உயரமாக ஒல்லியாக வளரும். கணுக்களுக்கிடையே நீண்ட இடைவெளி இருப்பதால் ஒரு கிளையில் தங்கும் பழங்கள் குறைவு. கிளைகள் எளிதில் முறியும். கத்துவாயுடன் ஒப்பிட்டால் விளைச்சல் மிகக் குறைவு. தாழ்ந்த உயரங்களில் சுவையும் குறிப்பிடும்படியாக அமையவில்லை. எனவே பலர் இதனை நீக்கினர்; நீக்கச் சோம்பியவர்கள் மற்றப் பழங்களுடன் கலந்து பறித்தனர்.

அமெரிக்க வங்கியாளர் ருடால்ப் பீட்டர்சன் 1967 இல் பொக்கேத்தேயில் வாங்கிய நிலமே அசியெண்டா லா எசுமெரால்டா தோட்டமாகும். அவருடைய குடும்பத்தினர் 1990களின் பிற்பகுதியில் ஹரமியோ மலைச்சரிவில் மேலும் ஒரு நிலம் வாங்கினர். அங்கு கோழிக்கண் நோய் தாக்கியபோது சில மரங்கள் மட்டும் தாக்குப்பிடித்ததைக் கண்டு, அவற்றின் விதைகளை உயரமான பகுதிகளிலும் நட்டனர். அம்மரங்கள் கெய்ஷா. தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் விளைந்த காப்பியைத் தனித்தனியே சுவைத்துப் பார்க்க முடிவு செய்தபோதுதான், தோட்டத்தின் தனிச்சுவைக்குக் காரணம் அந்த ஒரு சரிவின் மரங்களே என்பது தெரியவந்தது. தனியாகப் பிரித்த அக்காப்பி 2004 இல் சிறந்த பனாமாக் காப்பிப் போட்டியில் முதலிடம் பெற்று, ஏலத்தில் ஒரு பவுண்டு 21 டாலருக்கு விலைபோனது. அக்காலத்தில் அது வியப்புக்குரிய விலையாகும்.

மல்லிகை மணம், எலுமிச்சை இனப் பழத்தோலின் வாசனை, குழிப்பேரியின் இனிப்பு, கருந்தேநீரை ஒத்த மெல்லிய தன்மை ஆகியவை கெய்ஷாவின் சுவைக் கூறுகளாகக் குறிப்பிடப்படுகின்றன. சிக்கரியும் பாலும் கலந்த வடிகாப்பிக்குப் பழகிய நாக்கு இதனைக் காப்பி என்று ஏற்கவே சற்றுத் தயங்கக்கூடும். பால் சேர்த்தால் இதன் சிறப்பு மறைந்துவிடும் என்பதால் மிதமாக வறுத்து, வெந்நீரில் வடித்து, எதுவும் சேர்க்காமல் அருந்துவதே வழக்கம்.

ஏல விலைகள்

லா எசுமெரால்டாவின் கெய்ஷா 2006 இல் ஒரு பவுண்டு 50.25 டாலருக்கும் 2007 இல் 130 டாலருக்கும் விற்கப்பட்டது. 2017 இல் 601 டாலரை எட்டியது. அடுத்த ஆண்டு பொக்கேத்தேயின் மற்றொரு தோட்டமான எலிதாவின் கெய்ஷா 803 டாலரும், 2019 இல் அதே தோட்டத்தின் காப்பி 1,029 டாலரும் பெற்றன. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் உச்ச விலைகள் எரிமலையின் மறுபக்கத் தோட்டங்களுக்குச் சென்றன. 2021 இன் விலை ஒரு பவுண்டு 2,568 டாலர். ஆகவே இப்புகழ் இன்று பொக்கேத்தேக்கு மட்டும் உரியதன்று. 2025 ஆகத்து மாத ஏலத்தில் லா எசுமெரால்டாவின் 20 கிலோகிராம் கெய்ஷாவைத் துபாயைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று கிலோவுக்கு 30,204 டாலர் விலையில் வாங்கியது.

செய்தி ஊடகங்கள் இவ்வெண்களை மட்டும் எடுத்துக்காட்டுவதால் தவறான எண்ணம் ஏற்படுகிறது. ஏலத்திற்கு வருபவை ஒரு தோட்டத்தின் மிகச் சிறந்த சில மூட்டைகளே. உச்ச விலை பெறுவது அவற்றுள் ஒன்று. வாங்குவோருக்கு அது விளம்பரச் செலவும் ஆகும். மாவட்டத்தில் விளையும் காப்பியின் பெரும்பகுதி இன்றும் கத்தூரா, கத்துவாய் போன்ற வகைகளே. அவை இதனினும் மிகக் குறைந்த விலைக்கே விற்பனையாகின்றன. எனினும் கெய்ஷாவின் பெயரால் வாங்குவோர் பொக்கேத்தேக்கு நேரில் வரத் தொடங்கியதும், தோட்டக்காரர்கள் பொதுச் சந்தை விலையிலிருந்து ஓரளவு விடுபட்டதும் உண்மை.

பறிப்பும் பதப்படுத்தலும்

மழைக்காலத் தொடக்கத்தில் பூக்கும் மரங்களின் பழங்கள், உயரத்தைப் பொறுத்து நவம்பர் முதல் மார்ச்சு அல்லது ஏப்ரல் வரை பறிக்கப்படுகின்றன. ஒரே கிளையில் பச்சைக் காயும் முற்றிய பழமும் சேர்ந்திருக்குமாதலால் ஒரே மரத்திற்குப் பலமுறை வரவேண்டும். முழுதும் சிவந்த பழத்தை மட்டும் பறிப்பதே தரத்தின் முதற்படி. இதில் தவறினால் பின்னர் எந்த எந்திரத்தாலும் சரிசெய்ய முடியாது.

பதப்படுத்தும் முறைகள் மூன்று. பழத்தோலை நீக்கி, வழுவழுப்பான சதையை நொதிக்கவைத்துக் கழுவி உலர்த்துவது ஒன்று. தமிழ்நாட்டு மலைத்தோட்டங்களில் பார்ச்மென்ட் எனப்படுவது இதுவே. பழத்தை முழுதாக உலர்த்துவது மற்றொன்று. அதனை நம் தோட்டங்களில் செர்ரி என்பர். தோலை மட்டும் நீக்கிச் சதையுடன் உலர்த்தும் தேன் முறை மூன்றாவது. நம் ஊர்களில் செர்ரி என்றால் விலை குறைந்த காப்பி என்ற எண்ணமே உள்ளது. பொக்கேத்தேயிலோ, முழுப்பழமாகக் கவனத்துடன் உலர்த்திய கெய்ஷா கழுவிய காப்பியைவிட உயர்ந்த விலை பெற்ற ஆண்டுகள் பல. பாகரேக்கே தூறலில் பழம் பூசணம் பிடிக்காமல் காக்க, காற்றோட்டமுள்ள உயர்த்திய பரண்களில் மெல்லிய படுக்கையாகப் பரப்பி, கூரையிட்ட கூடாரங்களில் இரண்டு மூன்று வாரங்களோ அதற்கு மேலோ புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2010களிலிருந்து காற்றுப்புகாத தொட்டிகளில் நொதிக்கவைக்கும் முறையும் பரவியுள்ளது. இது மண்ணின் சுவையை மறைத்துவிடுகிறது என்ற எதிர்ப்பும் சுவைஞர்களிடையே உள்ளது.

நோபே தொழிலாளர்கள்

பழம் பறிப்போரில் பெரும்பான்மையினர் நோபே என்னும் பழங்குடி மக்கள் ஆவர். சிரிக்கி, பொக்காசு தெல் தோரோ, வெராகுவாசு ஆகிய மாகாணங்களிலிருந்து பிரித்து 1997 இல் அமைக்கப்பட்ட நோபே-புக்லே தன்னாட்சிப் பகுதியே இவர்களின் தாயகம். பனாமாவின் மிக வறிய பகுதிகளில் அது ஒன்று. அறுவடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாக மலையேறி வந்து தோட்டக் குடியிருப்புகளில் தங்குகின்றனர். பலர் எல்லை தாண்டிக் கோஸ்ட்டா ரிக்காத் தோட்டங்களுக்கும் செல்கின்றனர். பெண்கள் அணியும் நாகுவா எனப்படும் வண்ணமிகு நீளங்கி காப்பி வரிசைகளுக்கிடையே தொலைவிலிருந்தே தெரியும்.

கூலி பெரும்பாலும் லாத்தா என்ற தகர அளவையால் கணக்கிடப்படுகிறது. விளைச்சல் குறைந்த கெய்ஷாவில் ஒரு லாத்தாவை நிரப்ப நேரம் கூடுதலாகும் என்பதால் அதற்குத் தனிக் கூலி கொடுக்கும் தோட்டங்கள் உள்ளன. இருப்பினும், ஒரு கோப்பைக்கு நகரத்து உணவகத்தில் பெறப்படும் விலையையும், அதற்கான பழத்தைப் பறித்தவர் பெறும் கூலியையும் ஒப்பிட்டால் இடைவெளி மிகப் பெரிது. ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் குழந்தைத் தொழிலாளர் குறித்த பட்டியலில் பனாமாக் காப்பி இடம்பெற்றுள்ளது. டிசம்பர் இறுதி முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை பனாமாவில் பள்ளி விடுமுறை. அறுவடையும் அப்போதே உச்சத்தை அடைவதால், பெற்றோருடன் வரும் சிறுவர்களை வரிசையிலிருந்து விலக்கி வைப்பது எளிதாக இல்லை. தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் நடத்துவது இதற்கு ஒரு மாற்றாக மேற்கொள்ளப்பட்டுள்ளது.

முகில்காடும் நிலமும்

உயரம் கூடக்கூடக் கெய்ஷாவின் மதிப்பும் கூடுவதால் புதிய தோட்டங்கள் மேல்நோக்கியே நகர்கின்றன. 2,000 மீட்டரையொட்டியும் இன்று காப்பி பயிராகிறது. அதற்கு மேலுள்ளது காடும் பூங்காவின் எல்லையுமே. நிழல் மரங்களையும் காட்டுத்துண்டுகளையும் காத்துவரும் தோட்டங்கள் இருப்பினும், காட்டின் விளிம்பு நிலம் விலையுயர்ந்த நிலமாகிவிட்டது என்பதே இங்குள்ள இக்கட்டு. முகிலைப் பிடித்து ஓடைக்குத் தரும் காடு குறைந்தால், கீழேயுள்ள தோட்டங்களின் நீரும் குளிர்ச்சியும் குறையும்.

2000களின் தொடக்கத்தில் பொக்கேத்தேக்கும் செர்ரோ புந்தாவுக்கும் இடையே பூங்காவின் ஊடாகச் சாலை அமைக்க அரசு திட்டமிட்டது. இயற்கை ஆர்வலர்களும் உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினரும் கடுமையாக எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஓய்வு பெற்றோர் இங்கு குடியேறத் தொடங்கினர். நில விலை ஏறியது; நகரையொட்டிய பல காப்பி நிலங்கள் வீட்டுமனைகளாயின. குறைந்த விலை பெறும் காப்பியை வைத்துக்கொண்டு இவ்விலையை மறுப்பது சிறு உழவர்களுக்கு இயலாததாக இருந்தது.

காலநிலை மாற்றம் குறித்த அச்சமும் உள்ளது. அண்டை நாட்டின் மொந்தேவெர்தே முகில்காட்டில் முகில் தளம் மேலேறி, மூடுபனியற்ற நாட்கள் பெருகியதை 1999 இல் வெளியான ஆய்வு ஒன்று அங்குள்ள தவளை, பல்லி இனங்களின் வீழ்ச்சியுடன் தொடர்புபடுத்தியது. முகில் மேலேறினால் கெய்ஷாவும் மேலேற வேண்டும். மலைக்கோ முடிவு உண்டு. 2020 நவம்பரில் ஈட்டா சூறாவளியின் விளைவாகச் சிரிக்கி மலைப்பகுதிகளில் பெய்த கனமழையால் வெள்ளமும் நிலச்சரிவும் ஏற்பட்டு உயிரிழப்புகளும் நேர்ந்தன.

எத்தியோப்பியாவும் பெயர்ச் சிக்கலும்

இம்மரத்தின் தாயகத்தில் விதை தந்த காடுகளுக்கோ அங்கு வாழும் மக்களுக்கோ இவ்விலைகளில் பங்கு ஏதும் இல்லை. மரபு வளங்களின் பயனைப் பகிர வலியுறுத்தும் உயிரியற் பல்வகைமை உடன்படிக்கை 1992 இல் தான் உருவானது. விதைகளோ அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறிவிட்டன. பெயரை எவ்வாறு எழுதுவது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இடப்பெயரை மதித்துக் கெஷா என்றே எழுத வேண்டும் என்பர் சிலர். ஆய்வு மையப் பதிவுகளில் உள்ள கெய்ஷா என்ற வடிவத்தையே பனாமாவினர் பயன்படுத்துகின்றனர். மரபணு ஆய்வுகளின்படி, கெய்ஷா என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் மரங்கள் யாவும் ஒன்றல்ல. டி 2722 இலிருந்து வந்த பனாமாக் கெய்ஷா தனித்த, ஒரே சீரான வகையாகும்.

விழா

ஒவ்வோர் ஆண்டும் சனவரியில், அறுவடையின் நடுவே, கால்டெரா ஆற்றங்கரையில் மலர், காப்பித் திருவிழா நடைபெறுகிறது. பத்து நாட்களுக்கு மேல் நீடிக்கும் இவ்விழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.